மல்லிக்கு அங்குலம் கேட்ட மென்பொருள்

தம்பி,

நீ உன் அம்மா மூலம் கேட்டனுப்பிய அந்த ஒரு பக்கத்தை எழுதி முடித்துவிட்டேன். நமது கறித்தூளில் நடந்த பிழைக்கு, அன்று கலவையைப் பார்த்துக்கொண்ட பார்வதி பொறுப்பில்லை, அவர்மீது நான் எழுதிக் கொடுத்த அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன் என்று அன்று நம்மிடம் வாங்கிய, இப்போது உன்னிடம் வாங்கப்போகும் கனடாக் கொள்வனவாளருக்கு ஆங்கிலத்தில் எழுதிக் கையொப்பமிட்டு உறையில் போட்டிருக்கிறேன். அதைக் காட்டினால் அடுத்த மாதம் திகனவில் நீ திறக்கப்போகும் தொழிற்சாலையில் பார்வதியைக் கலவைப் பகுதிக்குப் பொறுப்பாக வைப்பதற்கு அவர்கள் மறுப்புச் சொல்லமாட்டார்கள் என்று சொல்லியனுப்பினாய். பார்வதியும் உன்னிடம், "ஐயா எழுதிக் குடுத்தா யோசிக்கிறேன் தம்பி" என்று சொன்னாராம். ஒரு மனுஷியின் பெயர் என் கையொப்பத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த ஒரு பக்கத்தை எழுத எனக்குப் பதினொரு நாள் எடுத்தது. இந்த நீண்ட கடிதம் அந்தப் பக்கத்தில் அடங்காதவை. இதை உனக்கு அனுப்புவதோடு ஒரு பத்திரிகைக்கும் கொடுக்கிறேன். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதுவரை, உனக்குத் தெரிந்த கதையையே ஏன் திரும்பச் சொல்கிறார் என்று எரிச்சல்படாதே. உனக்குத் தெரியாத ஒன்றும் இதற்குள் இருக்கிறது.

கண்டிக்குப் பக்கத்தில் தெல்தெனிய வீதியில், மரம் அறுத்து விற்ற ஒரு பழைய மரக்காலையை வாடகைக்கு எடுத்துத்தான் நான் தூள் அரைக்கத் தொடங்கினேன். இரசாயனவியலில் சிறப்புப் பட்டம் பெற்றவன் மிளகாய் அரைக்கிறான் என்று சொந்தக்காரர் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்பது இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. முதல் நாள் அரவை சற்று வெளுத்துப் போயிற்று. யாழ்ப்பாணத்துத் தூளுக்குரிய அந்தக் கருஞ்சிவப்பு வரவில்லை. நிறத்துக்கு மாதிரியாக உன் அம்மா வீட்டில் வறுத்து அரைத்த தூள் இரண்டு கிலோ மேசையில் இருந்தது. என்ன நினைத்தேனோ, அதை அப்படியே கலவைத் தொட்டியில் கொட்டினேன். நிறமும் மணமும் பிடித்துக்கொண்டதுபோல் இருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு கலவையிலும் பத்துக் கிலோவை எடுத்து வைத்து அடுத்த கலவையில் சேர்ப்போம். பாலுக்கு உறை விடுவதைப் போல. பன்விலத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வேலைக்கு வந்த பெண்கள் அதற்குப் 'பழசு' என்று பெயர் வைத்தார்கள். ஒருநாள் அதைப் போட மறந்தால் பார்வதி அலுவலக வாசலுக்கு வந்து நிற்பார். "ஐயா, இன்னைக்குப் பழச போடாம விட்டுட்டாங்க. தூளு மொகமே வேற மாதிரி இருக்குங்க." வருகிற விருந்தாளிகளிடம் நான் பெருமையடிப்பேன்: எங்கள் வீட்டு அடுப்பில் வறுத்த முதல் தூளின் ஒரு துகளாவது இன்று நீங்கள் வாங்கும் பைக்கற்றில் இருக்கிறது என்று. அந்தப் பெருமையின் மறுபக்கம் என்ன என்பதை எனக்கு முதலில் சொன்னவன் நீ.

நீ கொழும்பில் ஒரு பிஸ்கற் தொழிற்சாலையில் இரண்டு வருடம் வேலை செய்துவிட்டு வந்திருந்தாய். சாப்பாட்டு மேசையில் நமது தூள் பைக்கற் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு பேசினாய். "அப்பா, இந்தப் பைக்கற்றில இருக்கிற நம்பரை அடிச்சா இது எந்தச் சாக்கு மிளகாய், எந்தச் சாக்கு மல்லி எண்டு சொல்ல வேணும். பிறகு அந்தச் சாக்கு வேற எந்தெந்தப் பைக்கற்றுக்குப் போனது எண்டும் சொல்ல வேணும். அங்க நாங்கள் மாதம் ஒருக்கா ஒத்திகை பாக்கிறனாங்கள். தேத்தண்ணி ஆற முதல் பதில் வந்திடும்." கடைக்காரருக்குச் செய்த மென்பொருள் வேறு, உற்பத்திக்காரருக்குச் செய்தது வேறு, அதிலும் உணவு செய்கிறவர்களுக்கென்றே செய்தது வேறு என்றாய். கடைக்காரன் வாங்கியதையே விற்கிறான்; நாம் வாங்குவது ஒன்று, விற்பது இன்னொன்று, நடுவில் நடப்பதெல்லாம் அவனுடைய மென்பொருளுக்குத் தெரியாது என்றாய். நல்ல வாக்கியம். நான் சொல்லியிருக்கவேண்டியது. பிறகு கேட்டாய்: "அப்பா, பழசு போடுறதை எங்கயாவது எழுதுறீங்களா?" நான், அதை என்ன எழுதுவது, அது நமது தூள்தானே என்றேன். நீ கையிலிருந்த பைக்கற்றை மேசையில் வைத்தாய். "அப்ப ஒரு சாக்கில பிழை வந்தா, அது எங்க போய் முடிஞ்சது எண்டு ஒருத்தராலயும் சொல்ல ஏலாது. முடியவே முடியாது. ஒவ்வொரு கலவைக்குள்ளயும் முந்தின கலவை இருக்கு."

உணவுக்காரருக்கென்று செய்த அந்த மென்பொருளுக்கு நீ கொண்டுவந்த விளக்கப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். பொருத்தமாகத்தான் இருந்தது. கலவைக் குறிப்புகள், சாக்குக்குச் சாக்கு எண், காலாவதி நாள், மிஞ்சிய தூளைத் திரும்பச் சேர்த்தால் அதற்கென்று தனி இடம், எல்லாம் இருந்தன. கடைசிப் பக்கத்தில் அந்த நிறுவனத்தை நடத்துகிறவனின் படம் இருந்தது. புத்தகத்தை மூடிக் கவிழ்த்து வைத்தேன். இவ்வளவு விலைக்கு நமக்கு வேண்டாம் என்று உன்னிடம் சொன்னேன். தம்பி, உனக்குத் தெரியாதது இதுதான். விலை காரணமில்லை. அவன் பல்கலைக்கழகத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். துணை விரிவுரையாளர் பதவி ஒன்று வந்தபோது நாங்கள் இருவரும் விண்ணப்பித்தோம். அவனுக்குக் கிடைத்தது. கிடைத்தது நியாயமா இல்லையா என்று முப்பது வருடமாக எனக்குள் வழக்காடுகிறேன். அதுகூடப் பெரிதில்லை. எனக்கு வேண்டியிருந்த அந்தக் கதிரையில் இரண்டு வருடம் இருந்துவிட்டு, பிடிக்கவில்லை என்று எழுந்து வெளிநாடு போய்விட்டான். பிடிக்கவில்லையாம். அவனுக்கு என் கையால் காசோலை எழுத என்னால் முடியவில்லை. இன்றும் முடியாது. நீ இப்போது திகனவுக்கு வாங்கியிருப்பது அவனுடைய மென்பொருளைத்தான் என்று அம்மா சொன்னார். நன்று. எனக்கு வலித்தது, ஆனாலும் நன்று. அவன்மீது உனக்கொரு பகையும் இல்லை. என்னுடையதை நீ சுமக்கத் தேவையில்லை.

நான் எதை வாங்கினேன் என்பதுதான் உனக்குத் தெரியுமே. கண்டி நகரில் ஆணி, பூட்டு விற்கும் ஹாட்வெயார் கடைகளுக்கு விற்கிற மென்பொருள். விற்றவன் எல்லாத் தொழிலுக்கும் சரிவரும் என்றான். எல்லோருக்கும் அளவான சட்டை ஒருவனுக்கும் அளவாக இருப்பதில்லை என்பது ஒரு தையற்காரனுக்குத் தெரியும், எனக்குத் தெரியவில்லை. புதிய பொருள் ஒன்றைப் பதிவதென்றால் அது நீளம் கேட்கும், நிறம் கேட்கும். பார்வதி முதல் நாள் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தார். "ஐயா, மல்லி எத்தன இஞ்சுன்னு கேக்குதுங்க." அரவை இயந்திரத்தில் நின்ற மணி உள்ளேயிருந்து கத்தினான். "அர இஞ்சு ஆணின்னு போடுங்கக்கா. கறி நல்லா இறுகிப் பிடிக்கும்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கடைசியில் எல்லாவற்றுக்கும் ஓர் அங்குலம் என்று போட்டு உள்ளே விட்டோம். நீ சிரிக்கவில்லை. நீ பழசைப் பதியப் பார்த்தாய். விற்கும் பொருளை யாரிடமிருந்து வாங்கினாய் என்று அது கேட்டது. நம்மிடமிருந்தேதான் என்று சொல்ல அதில் வழியில்லை. நீ மூன்று நாள் மினைக்கெட்டாய். விடு, எழுதாமல் விட்டால் என்ன குடியா முழுகிவிடும் என்றேன்.

அதற்குப் பிறகு வந்தது வறுவல் குறைவு. எண்பது கிலோ மல்லியை வறுத்தால் எழுபத்துநான்கு கிலோதான் திரும்பி வரும். மிச்சம் நீர், புகைக்கூண்டு வழியாக வானத்துக்குப் போய்விடும். பாடசாலைப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. ஹாட்வெயார் மென்பொருளுக்குத் தெரியாது, ஏனென்றால் ஆணியை வறுப்பதில்லை. ஒவ்வொரு மாலையும் அது சிவப்பு எழுத்தில் 'குறைவு' என்று அடித்துத் தந்தது. முதல் வாரம் நான் அதைக் கிழித்துப் போட்டேன். இரண்டாம் வாரம் மடித்து வைத்தேன். மூன்றாம் வாரம், ஆறு கிலோவும் நீர்தானா, நாலு நீரும் இரண்டு களவுமாக இருக்கக்கூடாதா என்று யோசிக்கத் தொடங்கினேன். இரசாயனவியல் படித்தவன் யோசித்தேன். அச்சிட்டு வருகிற பொய்க்கு அவ்வளவு பலம் இருக்கிறது, தம்பி. பிறகு வெளிவாசலில் பைகளைத் திறந்து பார்க்கச் சொன்னேன். முதல் நாள் நானே நின்றேன். பார்வதி சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். "ரொட்டியும் சம்பலும்தாங்க ஐயா. மோந்து பாருங்க. நம்ம தூளு இல்ல, வீட்டுத் தூளு." பின்னால் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அன்று மாலை நீ வறுவலுக்கு முன்னும் பின்னும் நிறுத்துக் கணக்கெடுத்த தாளை என் மேசையில் வைத்தாய். ஒரு கிராமும் களவு போகவில்லை. நான் பை பார்ப்பதை நிறுத்தினேன். மன்னிப்புக் கேட்கவில்லை. நிறுத்தியதே மன்னிப்புக் கேட்டதாகும் என்று நினைத்துக்கொண்டேன். தொழிலுக்கென்றே செய்த மென்பொருளால் என்ன இலாபம் என்று உன்னிடம் யாராவது கேட்டால் முதலில் இதைச் சொல். வறுத்தால் குறையும் என்று அதற்குத் தெரிந்திருக்கும். தெரியாததைக் களவு என்று சொல்லாது.

பிறகு நாடெங்கும் சாமான் தட்டுப்பாடு வந்த மாதங்களில் முழுச் சின்னச்சீரகம் கிடைக்கவில்லை. நகரத்தில் ஒரு வியாபாரியிடம் அரைத்த சீரகம் ஆறு மூட்டை வாங்கினேன். நீ அந்த வாரம் இயந்திர உதிரிப்பாகத்துக்காகக் கொழும்பில் இருந்தாய். அரைத்த சீரகத்துக்குப் புதிதாகப் பதிவு போட்டால் மறுபடி அங்குலம் கேட்கும் என்று முழுச் சீரகத்தின் பதிவிலேயே சேர்க்கச் சொன்னேன். கணினிக்கு இரண்டும் ஒன்றாயிற்று. சில மாதங்கள் கழித்துக் கனடாவிலிருந்து காலையில் மின்னஞ்சல் வந்தது. நமது தூளில் சமைத்ததைச் சாப்பிட்ட ஒரு பிள்ளைக்கு உதடு வீங்கி, மூச்சு முட்டி, வைத்தியசாலைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். பிள்ளை பிழைத்துவிட்டது. தூளைச் சோதித்தபோது அதில் கச்சான், அதாவது நிலக்கடலை, இருந்தது. யாரோ சீரகத் தூளோடு கச்சானின் மேற்கோதை அரைத்துக் கலந்து எடை கூட்டியிருக்கிறான். கச்சான் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு அது நஞ்சு. அவர்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள்: அந்தச் சீரகம் எந்தெந்தக் கலவை எண்களுக்குள் போயிருக்கிறது? மறுநாள் மதியத்துக்குள் பதில் வேண்டும்.

நீ கணினிக்கு முன்னால் உட்கார்ந்தாய். சீரகம், கையிருப்பு உண்டு என்று அது சொன்னது. அவ்வளவுதான் அதற்குத் தெரியும். பார்வதியைக் கூப்பிட்டோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். "அரைச்ச சீரகம் வந்தது ஒரு திங்கக்கெழமங்க. மூணு மூட்ட அன்னைக்கே போட்டோம். மத்த மூணு எப்பன்னு ஞாபகம் இல்லீங்க." பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "ஆனா அத பாத்து என்னாங்கயா ஆகப்போவுது? பழசு வழியா அதுக்கப்புறம் எல்லாத்துலயும்தானே போயிருக்கும்." எவரும் கேட்காமல், எதையும் ஒளிக்காமல் சொன்னார். நீ தலையில் கைவைத்துக்கொண்டாய். உன் பிஸ்கற் தொழிற்சாலை என்றால் ஐந்தாறு எண்களை எழுதி அனுப்பிவிட்டு மற்ற வேலையைப் பார்த்திருப்பார்கள். பழசு இப்படித் தொடர்வதை நான் வேண்டாமென்ற மென்பொருள் முதல் மாதத்திலேயே காட்டியிருக்கும். வாரம் ஒருமுறை தொட்டியைக் கழுவி, புதிதாகத் தொடங்கி, அந்தச் சங்கிலியை வெட்டியிருப்போம். நாங்கள் எழுதி அனுப்பிய பதில்: ஒவ்வொரு கலவையிலும் முந்தியதைச் சேர்ப்பதால், அந்தத் திங்கட்கிழமையிலிருந்து செய்த எல்லாமே. கடைகளிலிருந்து எல்லாவற்றையும் திருப்பி அழைத்தார்கள்.

அவர்கள் அத்தோடு விடவில்லை. பழைய தூளைப் புதிய கலவையில் சேர்க்க அனுமதித்தவர் யார் என்று கேட்டார்கள். பதில் எனக்குத் தெரியும். பழசு போடச் சொன்னது நான். ஆரம்பித்தவன் நான், பெருமையடித்தவன் நான், எழுதாமல் விடச் சொன்னவனும் நான். ஆனால் அந்த மேசையில் 'பழசு' என்ற சொல்லைச் சொன்ன வாய் பார்வதியுடையது. முதலாளியே செய்த பிழை என்றால் நம்மோடு வியாபாரம் முடிந்தது. வேலையாள் செய்த பிழை என்றால் ஆளை நீக்கிவிட்டுத் தொடரலாம் என்று கணக்குப் போட்டேன். கலவைப் பொறுப்பாளர் பார்வதி நிர்வாகத்துக்குத் தெரியாமல் பழைய தூளைச் சேர்த்து வந்திருக்கிறார் என்று எழுதினேன். வேலையாட்களுக்கு அறிவுறுத்தியதற்குச் சான்று கேட்டார்கள் என்று, பத்து மணித் தேநீர் நேரத்தில் பொதி செய்யும் அறையில் பார்வதியோடு மற்றப் பத்தொன்பது பேரையும் நிற்கவைத்து, அதைத் தமிழில் வாசித்தேன். நீ கதவடியில் நின்றாய். வாசித்து முடிந்த பிறகு பார்வதி கேட்டார்: "அப்ப நான் நாளைக்கு வரவா, வேணாமாங்க ஐயா?" வேண்டாம் என்றேன். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, உதறி, மடித்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

நீ அலுவலகத்துக்குள் வந்து கதவைச் சாத்தினாய். "அப்பா, நீங்கள்தானே போடச் சொன்னனீங்கள்." நான் எல்லோருடைய சோற்றையும் யோசித்துத்தான் செய்தேன் என்றேன். "பத்தொன்பது பேருக்காகவா செய்தனீங்கள்? உங்களுக்காகச் செய்தனீங்கள்." நான் உன் படிப்பைப் பற்றி, அதற்கு யார் உழைத்தது என்பதைப் பற்றி ஏதோ சொன்னேன். அதைத் திரும்ப எழுத எனக்கு விருப்பமில்லை. நீ போய்விட்டாய். ஆறு மாதத்தில் கனடாக்காரரும் போய்விட்டார்கள். வேலையாளை நீக்கியதால் ஒன்றும் மிஞ்சவில்லை. வருடம் முடிவதற்குள் மரக்காலையின் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். உன் கல்யாணத்தில் உன் மாமனார் என்னை எல்லோருக்கும் 'முந்தி ஒரு தொழிற்சாலை வைத்திருந்தவர்' என்று அறிமுகப்படுத்தினார். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார் என்று அம்மா சொல்கிறார். இருக்கலாம்.

இனி இந்த மாதத்துக்கு வருகிறேன். அந்த ஒரு பக்கத்தை எழுதியதும் உனக்கு அனுப்புவதற்கு முன் பார்வதியிடம் காட்டவேண்டும் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் பன்விலவுக்குப் போய், அங்கிருந்து தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு நடந்தேன். இப்போது அவர் நாட்கூலிக்குக் கொழுந்து பறிக்கிறார். என்னைக் கண்டதும் "வாங்க ஐயா" என்று கதிரை போட்டார். அவர் உட்காரவில்லை. கடிதத்தை ஆங்கிலத்தில் வாசித்து, தமிழில் அர்த்தம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"இது யாருக்குங்க எழுதியிருக்கீங்க?"

"கனடாக் கம்பனிக்கு."

"அவங்களுக்கு என்ன யாருன்னு தெரியுமாங்க?"

"பெயர் தெரியும்."

"பேரு தெரியும்." அதையே திரும்பச் சொல்லிக்கொண்டார். "எங்க நாத்தனாருக்கு என்னத் தெரியும்ங்க. அவளும் அன்னைக்கு அங்கதான் நின்னா. கம்பனி மூடுனதே என்னாலதான்னு இந்த லயத்துல பாதிப்பேரு நெனச்சிக்கிட்டு இருக்காங்க. தண்ணி பைப்புக்கிட்ட நான் போனா பேச்ச நிப்பாட்டிர்றாங்க. அவங்களுக்கு காயிதம் எழுதலீங்களா ஐயா?"

அவருடைய நாத்தனார் லயத்தில் அடுத்த காம்பரா அறையில் இருந்தார். அங்கேயே அவரைக் கூப்பிட்டு, பழசு போடச் சொன்னது நான்தான் என்று சொன்னேன். அந்தப் பெண் என்னையும் பார்வதியையும் மாறி மாறிப் பார்த்தார். "இப்ப எதுக்குங்க வந்து சொல்றீங்க?" என்றார். பிறகு நான் மற்றவர்களைத் தேடத் தொடங்கினேன். அதுதான் அந்தப் பதினொரு நாள் என்று நினைக்காதே. எழுதத்தான் பதினொரு நாள், தேடியது அதற்கு மேலும் மூன்று வாரம். மணி கண்டி நகரில் முச்சக்கரவண்டி ஓட்டுகிறான். சொன்னதும் சிரித்தான். "எங்களுக்கு அன்னைக்கே தெரியுங்க ஐயா. நீங்க காயிதத்த விட்டுத் தலைய தூக்கவே இல்லியே." பிறகு ஏன் ஒன்றும் பேசாமல் நின்றாய் என்று கேட்டுவிட்டேன். கேட்க எனக்கு என்ன உரிமை? அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு, "நீங்க மொதலாளிங்க" என்றான். ஹேவாஹெட்டப் பக்கம் கட்டிக்கொடுத்த ஒரு பெண்ணைக் கண்டுபிடித்தேன். ஆடைத் தொழிற்சாலைக்குப் போன நாலு பேரைக் கண்டேன். எல்லாமாக ஏழு பேர். மிச்சப் பன்னிரண்டு பேரில் சிலர் கொழும்பில், சிலர் மத்திய கிழக்கில். இரண்டு பேரின் முழுப் பெயரும் எனக்குத் தெரியாது. தினமும் வணக்கம் சொன்னவர்கள்.

ஏழு பேரிடம்தான் சொல்ல முடிந்தது என்று மறுபடி பன்விலவுக்குப் போய்ப் பார்வதியிடம் சொன்னேன். மற்றவர்களுக்காகப் பத்திரிகையில் எழுதப்போகிறேன், உங்கள் பெயரைப் போடலாமா என்று கேட்டேன். "போடுங்க. அன்னைக்குப் பேரச் சொல்லித்தானே வாசிச்சீங்க" என்றார். இது ஏன் ஊரறியும் கடிதமாயிற்று என்றால் அதனால்தான். அந்த அறையில் அன்று நின்ற எவராவது இதைப் படித்தால், பார்வதி ஒரு பிழையும் செய்யவில்லை என்பதைப் பக்கத்தில் இருப்பவருக்கும் சொல்லட்டும். படிக்காதவர்களுக்கு நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

பிறகு உன் வேலையைப் பற்றிப் பேசினேன். உன் தொழிற்சாலையில் எல்லாம் வேறு மாதிரி, சாக்குக்குச் சாக்கு எண் உண்டு, கணினித் திரை தமிழிலும் சிங்களத்திலும் வரும், வறுவல் குறைவை அது புரிந்துகொள்ளும், யார் எதைச் செய்தாலும் அது நினைவு வைத்திருக்கும், ஒருவர் பழியை இன்னொருவர்மீது போட முடியாது என்று, ஒருகாலத்தில் நீ என்னிடம் சொன்னதையெல்லாம் நான் அவரிடம் சொன்னேன். உனக்கு விற்பனைக்காரனாக நான் வேலை செய்தது அந்த ஒருநாள்தான். அவர் கவனமாகக் கேட்டார். அந்த மென்பொருளைப் பற்றி இரண்டு கேள்விகளும் கேட்டார். நல்ல கேள்விகள், கடைசி மூட்டையில் பாதி மிஞ்சினால் அதற்கு அதே எண்ணா புது எண்ணா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. வருவார் என்றே நினைத்தேன். பிறகு சொன்னார்: "தம்பிக்கிட்ட சொல்லுங்க ஐயா, வேற ஆளப் பாத்துக்கிடட்டும். தம்பி மேல எனக்குக் கோவம் இல்லீங்க. தம்பி நல்லவருதான்." சற்று நிறுத்தினார். "ஒங்களயும் நான் அப்படித்தாங்க நெனச்சிருந்தேன்."

நான் என்னென்னவோ சொன்னேன். அவன் என்னைப்போல் இல்லை என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார், மறுத்துப் பேசவில்லை. மழை வரும்போல இருக்கிறது, பஸ்ஸை விட்டுவிடாதீர்கள் என்றார்.

ஆகவே நீ கேட்ட பக்கம் இத்துடன் வருகிறது, அது எதற்காகவோ அதற்கு உதவாமல். உனக்குச் சொல்ல என்னிடம் மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான். உன் தொழிலை அறிந்த மென்பொருளை வாங்கினாய், சரியானதைச் செய்தாய். சாக்கைத் தொடரும், பைக்கற்றைத் தொடரும், குறைவைக் களவென்று சொல்லாது. ஆனால் அதற்குள் தகவலை இடுவது மனிதன். உன் திரையை அம்மா கைபேசியில் காட்டினார். கலவைக் குறிப்பை மாற்றினால் 'அனுமதித்தவர்' என்று ஒரு கட்டம் கேட்கிறது. அதில் வேலையாளின் பெயரை ஒருநாளும் இடாதே. அவசரமென்றாலும், நீ ஊரில் இல்லாவிட்டாலும், சின்ன மாற்றம்தானே என்று தோன்றினாலும் உன் பெயரையே இடு. அந்த ஒன்றை நீ செய்தால், பத்து வருடம் கழித்துப் பன்விலவில் யாராவது உன்னைப்பற்றி வேறுவிதமாகப் பேசக்கூடும். அதை அவசரப்படுத்த என்னாலும் முடியாது, உன்னாலும் முடியாது.

கலவைப் பகுதிக்கென்று நீ ஒதுக்கி வைத்திருக்கும் இடத்துக்கு வேறு ஒருவரை எடு. திறப்பு நாளைத் தள்ளிப்போடாதே. நான் வாசலில் நின்று கேட்டுப் பார்த்துவிட்டேன், தம்பி. அவர் வரமாட்டார்.

அப்பா